ஏரி ஓரம் வீடு கட்டப் போகிறீர்களா? ஒரு நவம்பர் முடியட்டும்

ஏரி ஓரத்து மனையைக் காட்ட புரோக்கர் கூட்டிப் போவது பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில்தான். சாயங்கால நேரம், காற்று சிலுசிலுவென்று வரும், தூரத்தில் கொஞ்சம் தண்ணீர் பளபளக்கும், அதற்கும் நீங்கள் நிற்கும் இடத்துக்கும் நடுவே பையன்கள் மூன்று குச்சி நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். "தண்ணி எவ்வளவு தூரத்துல இருக்கு பாருங்க சார், பயமே வேண்டாம்" என்பார். அந்த மைதானமே ஏரிதான். நல்ல மழை வருஷத்தில் டிசம்பர் மாதம் அங்கே பந்து பொறுக்கப் பரிசல் வேண்டும்.

நான் கட்டட வேலையில் இருப்பவன். செங்கல்பட்டுப் பக்கம் ஏரியை ஒட்டிச் சில வீடுகளுக்கு வரைபடம் போட்டிருக்கிறேன், ஒன்றில் நன்றாகச் சூடும் பட்டிருக்கிறேன் (அந்தக் கதை கீழே வருகிறது). முதல் தடவை இப்படி இடம் தேடுகிறவர்கள் எந்த வரிசையில் என்ன பார்க்க வேண்டும் என்பதை எனக்குத் தெரிந்த வரையில் எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் ஏரிக்கு எந்தப் பக்கம்?

நம் ஊர் ஏரி சுற்றிலும் ஒரே மாதிரி கரை கொண்ட நீர்நிலை இல்லை. சரிந்து போகும் நிலத்தில் தாழ்ந்த பக்கமாக வில் மாதிரி ஒரு மண்கரை போட்டு, மேலேயிருந்து வரும் மழைநீரைத் தேக்கி வைப்பதுதான் ஏரி. கரையில் மதகு இருக்கும், பாசனத்துக்கு. ஒரு ஓரத்தில் கலங்கல் இருக்கும், நிரம்பினால் வழிந்து போக. மேல்பக்கம் கரையே கிடையாது. தண்ணீர் ஏற ஏற நிலத்தின் மேல் பரவும், இறங்க இறங்கப் பின்வாங்கும். தமிழ்நாட்டில் இப்படி 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் உண்டு என்று கணக்கு, பெரும்பாலானவை இந்த அமைப்புதான்.

அதனால் 'ஏரி ஓரம்' என்றால் மூன்று வேறு வேறு இடங்கள். கரைக்கு வெளியே, கீழே இருப்பது ஆயக்கட்டு, அதாவது பழைய நன்செய். ஏரி நிரம்பியிருக்கும்போது தண்ணீர் மட்டம் உங்கள் தலைக்கு மேலே நிற்கும். கரை வழியாகக் கசிவு உண்டு, களிமண் பூமி, அப்புறம் கரை உடைந்தால் முதலில் போவது நீங்கள்தான். மதுராந்தகத்தில் பெருமாளுக்கே ஏரி காத்த ராமர் என்று பெயர் இருக்கிறது. கரைக்குக் கீழே குடியிருந்தவர்களுக்கு மழைக்கால ராத்திரியில் என்ன கவலை இருந்திருக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இரண்டாவது, கலங்கல் பக்கம். உபரிநீர் போகும் ஓடை மூன்று நான்கு வருஷம் காய்ந்து கிடக்கும், புதர் மண்டியிருக்கும், விலை மலிவாகச் சொல்வார்கள். வேண்டாம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29 ஆயிரம் கன அடி திறந்துவிட்டபோது அடையாற்றின் ஓரம் என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். சின்ன ஏரியின் கலங்கலும் தன் அளவுக்கு அதே வேலையைத்தான் செய்யும். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் மனையின் குறுக்கே போனாலும் இதே பதில்தான்.

மூன்றாவது, மேல்பக்கம். ஏரியைப் பார்த்தபடி வீடு வேண்டும் என்கிறவர்கள் கேட்பது இதைத்தான். இனி நான் சொல்வதும் இந்தப் பக்கத்துக்குத்தான்.

காகிதம்

பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று மூன்றையும் எல்லோரும் பார்க்கிறார்கள். ஏரி ஓரத்துக்கு அது போதாது. கிராம அ-பதிவேட்டில் (ஊரின் எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு) அந்த சர்வே எண்ணும் அதை ஒட்டிய எண்களும் எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள்: ஏரிப் புறம்போக்கு, ஓடை, வாய்க்கால், நீர்ப்பிடிப்பு, மேய்க்கால். புலப்படத்தை, அதாவது அந்த சர்வே எண்ணின் அளவு வரைபடத்தை வாங்கி, சர்வேயரை வைத்து எல்லைக் கல் எங்கே இருக்கிறது என்று நிலத்திலேயே காட்டச் சொல்லுங்கள். இப்போதைய பட்டாவை மட்டும் நம்ப வேண்டாம். யூ.டி.ஆர். என்கிற நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் 1979 தொடங்கி 80களில் நடந்தது. அப்போது பதிவுகளில் புகுந்த பிழைகள் ஊருக்கு ஊர் உண்டு. அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டில் அதே இடம் என்னவாக இருந்தது என்று தேடிப் பார்க்கச் சொல்லுவார் நல்ல வக்கீல். சொல்லாவிட்டால் வேறு வக்கீலைப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இலிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. வீட்டு வரி ரசீதும் கரண்ட் பில்லும் ஏரி நிலத்தை உங்களுடையது ஆக்காது.

ஏரி யார் பொறுப்பில் இருக்கிறது என்பதும் முக்கியம். 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு என்றால் ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் என்றால் நீர்வளத்துறை. கட்டட அனுமதிக்குப் போகும்போது வெள்ளம் தேங்குமா என்பது பற்றிய தடையின்மைச் சான்றை நீர்வளத்துறையிடம் வாங்கி வரச் சொல்வார்கள். அதைக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், முன்பணம் கொடுக்கும் முன்பே அந்தப் பிரிவு அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். நன்செய் என்றால் மனையாக மாற்றுவதற்குத் தனி அனுமதி வேண்டும்.

பக்கத்தில் இருப்பது ராம்சர் தளமா, அதாவது சர்வதேச ஒப்பந்தப்படி முக்கியமானது என்று பட்டியலிட்ட ஈரநிலமா என்றும் பார்த்துவிடுங்கள். வேடந்தாங்கல், கரிக்கிலி, பள்ளிக்கரணை மூன்றும் 2022-இல் அந்தப் பட்டியலுக்குள் வந்தவை. மத்திய அரசின் 2017 ஈரநில விதிகளின்படி இப்படிப்பட்ட ஈரநிலத்தில், பத்தாண்டுகளின் சராசரி உச்ச வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள், படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டுமானம் எதுவும் கூடாது. பாசனத்துக்காக வெட்டிய சாதாரண ஏரி பொதுவாக அந்த விதிகளின் வரையறைக்குள் வராது, ஆனால் அதை வைத்துத் தண்ணீர் நுனியில் போய்க் கட்டலாம் என்று கணக்குப் போடாதீர்கள், ஏனென்று அடுத்ததில் புரியும். வேடந்தாங்கல் சரணாலயத்தின் எல்லை ஏரியோடு முடிவதில்லை, சுற்றிலும் 5 கிலோமீட்டர் வரை போகிறது என்பதையும் அந்தப் பக்கம் மனை பார்க்கிறவர்கள் மறக்க வேண்டாம்.

மட்டம் எடுப்பது

இதை மட்டும் ஒழுங்காகச் செய்துவிட்டால் பாதிக் கவலை போச்சு. கலங்கலுக்கு நேரில் போங்கள். கல்லால் கட்டிய ஒரு நீண்ட திண்ணை மாதிரி இருக்கும். அதன் உச்சிதான் ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டம், தண்ணீர் அதைத் தொட்டால் ஏரி நிரம்பியது என்று அர்த்தம். பழைய ஏரிகளில் அந்தத் திண்ணைமேல் வரிசையாகக் குத்துக்கற்கள் நட்டிருப்பார்கள், ஏதோ கோயில் வேலையைப் பாதியில் விட்ட மாதிரி. அது அலங்காரம் இல்லை. மழை முடியும் சமயத்தில் விவசாயிகள் கல்லுக்குக் கல் நடுவே மண்ணும் வைக்கோலும் அடைத்து இன்னும் ஓரிரு அடி தண்ணீரைப் பிடித்து வைக்க ஏற்பாடு. இப்போது மணல் மூட்டை வைக்கிறார்கள். அதனால் கணக்கைத் திண்ணையிலிருந்து தொடங்காமல் குத்துக்கல்லின் தலையிலிருந்து தொடங்குங்கள். பெருமழையில் தண்ணீர் அதற்கும் மேலே ஏறித்தான் வழியும், அந்த உச்ச நீர்மட்டம் துறையின் ஏரிப் பதிவேட்டில் இருக்கும், கேளுங்கள்.

அடுத்து, ஆட்டோ லெவல் என்கிற மட்டம் பார்க்கும் கருவி வைத்திருக்கும் சர்வேயரை ஒரு நாளுக்குக் கூப்பிட்டு, அந்த உச்ச நீர்மட்டத்தைக் கலங்கலிலிருந்து நகர்த்திக்கொண்டு வந்து உங்கள் மனையில் ஒரு கல் நட்டு, அதில் பெயின்ட் கோடு போடச் சொல்லுங்கள். நான் முதலில் இதைச் செய்து பார்த்த மனையில், தண்ணீர் கண்ணுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது, மே மாதம். சர்வேயர் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து நகர்ந்து வந்தவர், "இங்கதான் சார் வருது" என்று நின்ற இடம், வீட்டுக்காரர் பூஜை அறைக்கு நூல் கட்டியிருந்த இடம்.

மேல்பக்கம் சரிவு ரொம்ப லேசாக இருக்கும், அதுதான் விஷயம். 150 அடிக்கு ஒரு அடி சரிவு என்று வையுங்கள், தண்ணீர் இரண்டு அடி ஏறினால் கரையோரம் 300 அடி நகர்ந்து வந்துவிடும். கண்ணுக்கு எல்லாம் சமதளமாகத்தான் தெரியும். கருவியோடு நிறுத்தாமல், பக்கத்தில் ஆடு மேய்க்கிற பெரியவர் யாரையாவது பிடித்து, "எந்த வருஷம் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு ஐயா" என்று கேளுங்கள். பனைமரத்தைக் காட்டிச் சொல்வார்கள். மரப்பட்டையில் படிந்த வண்டல் கோடும் பொய் சொல்லாது. இதையெல்லாம் விட நல்லது, ஒரு வடகிழக்குப் பருவமழை முடியும் வரை பொறுத்து, நவம்பர் கடைசியில் போய் நீங்களே நின்று பார்ப்பது. விற்கிறவர் அவசரப்படுத்தினால், அவசரம் யாருக்கு என்று யோசியுங்கள்.

வீட்டை எங்கே, எப்படி வைப்பது

பெயின்ட் கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே எதுவும் வேண்டாம். செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர், பேவர் பிளாக், குழந்தைகள் சறுக்குமரம், ஒன்றும் வேண்டாம். கோட்டுக்கு மேலே எவ்வளவு பின்னால் போக முடியுமோ அவ்வளவு பின்னால், சாலைப் பக்கமாக வீட்டை ஒதுக்குங்கள். பின்னால் போனால் ஏரி தெரியாதே என்பார்கள். நான் பார்த்தவரை, 200 அடி தள்ளி ஒரு மருத மரத்தடி வழியாகத் தெரியும் ஏரி, ஜன்னலுக்குக் கீழேயே கிடக்கும் ஏரியைவிட அழகு. கொசுவும் குறைவு.

மனை தாழ்வாக இருந்தால் எல்லோரும் செய்வது சவுடு மண் அடித்து மேடாக்குவது. இதைச் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையை மூன்று அடி உயர்த்தினால் 7,200 கன அடி. ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் தண்ணீர் நின்ற இடத்தை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். அந்தத் தண்ணீர் எங்கே போகும்? பக்கத்து மனைக்கு. அவரும் மூன்று அடி ஏற்றுவார், பிறகு தெருவே கால்வாய் ஆகும். மனையை அப்படியே விட்டு வீட்டைத் தூணில் தூக்குங்கள். தரைத்தள மட்டம் உச்ச நீர்மட்டத்துக்கு மேல் குறைந்தது மூன்று அடி, இது என் கணக்கு. கீழே கார் நிறுத்தலாம், ஊஞ்சல் போடலாம், ஆனால் சுவர் எழுப்பி அறையாக்கக் கூடாது. வாங்கி ஐந்தாம் வருஷம் எல்லோருக்கும் அந்த ஆசை வரும்!

மண் பரிசோதனை கட்டாயம், அதுவும் மழை முடிந்த கையோடு. ஏரி ஓரத்துக் களிமண் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும், சாதாரண அஸ்திவாரத்தை வருஷத்துக்கு ஒரு தடவை தூக்கித் தூக்கி இறக்கும். இந்த மாதிரி மண்ணுக்கென்றே ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியதுதான் அடியில் குமிழ் வைத்த பைல், அண்டர் ரீம்ட் பைல் என்பார்கள். தூண்மேல் நிற்கும் வீட்டுக்கு அது ஒத்துப்போகும், மண்ணையும் அதிகம் கிளற வேண்டியதில்லை.

ஏரி மேற்கே இருந்தால் சாயங்கால வெயில் நேராக ஒரு தடவை, தண்ணீரில் பட்டு ஒரு தடவை, இரண்டு தடவை உள்ளே வரும். அந்தப் பக்கம் சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்த வீட்டில் நாலு மணிக்கு உட்கார முடியாது, திரை போட்டுத்தான் வைப்பார்கள். அப்புறம் எதற்கு ஏரி? ஆழமான தாழ்வாரம், இறக்கி விட்ட ஓட்டுக்கூரை, திண்ணை, இது போதும். பறவைகளும் கண்ணாடியில் தெரியும் வானத்தை நிஜம் என்று நினைத்து வந்து மோதும், தாழ்வாரத்து நிழல் அதையும் குறைக்கும்.

கழிவுநீர்: சூடு பட்ட கதை

அந்த வீட்டில் உறிஞ்சு குழியை மே மாதம் தோண்டினோம். எட்டு அடி, ஒரு சொட்டு ஈரம் இல்லை, பொலபொலவென்று மண். உறை இறக்கி, ஜல்லி கொட்டி, மூடி போட்டு வந்துவிட்டேன். நவம்பர் இரண்டாம் வாரம் வீட்டுக்காரம்மா போன் செய்தார், "தம்பி, பாத்ரூம்ல தண்ணி கீழ போக மாட்டேங்குது, மேல வருது." போய் மூடியைத் திறந்தால், தரையிலிருந்து ஒரு அடிக்குள் தண்ணீர் நின்றது. ஏரி நிரம்பியதும் நிலத்தடி நீரும் கூடவே ஏறியிருக்கிறது. உறிஞ்ச வேண்டிய குழி ஊற்று ஆகிவிட்டது. மேலே வந்ததாவது கண்ணுக்குத் தெரிந்தது, கீழே ஏரிக்குப் போனது எவ்வளவோ. தப்பு முழுக்க என்னுடையது.

ஏரியைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த வேலைதான். கழிவிலும் சோப்புத் தண்ணீரிலும் உள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் தண்ணீருக்குப் போனால் முதலில் பச்சையாகப் பாசி வரும், அடுத்த வருஷம் ஆகாயத்தாமரை பாய் விரிக்கும், அதற்குக் கீழே மீனுக்கு மூச்சு இருக்காது. அதனால் இங்கே உறிஞ்சு குழியே கூடாது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஒழுகாத, அறை அறையாகப் பிரித்த தொட்டி, அதிலிருந்து வரும் நீருக்குத் தரைக்கு மேலே, அடியில் தண்ணீர் இறங்காத தாள் விரித்து ஜல்லி நிரப்பிய படுகை, அதில் கல்வாழையும் சம்புக் கோரையும். வேர்கள் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆரோவில் பக்கம் இந்த மாதிரி அமைப்புகளைப் பல வருஷமாக ஓட்டுகிறார்கள், ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நாற்றம் அடிக்குமோ என்கிற சந்தேகம் போய்விடும். தொட்டியும் படுகையும் வீட்டுக்குச் சாலைப் பக்கம் இருக்கட்டும், ஏரிப் பக்கம் வேண்டாம். குளியல், சமையலறைத் தண்ணீரைத் தனிக் குழாயில் பிரித்து வாழைக்கு விட்டால் தொட்டிக்குச் சுமை குறையும். மழை இல்லாத மேட்டு நிலத்தில்கூட உறிஞ்சு அமைப்புக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 18 மீட்டராவது இடைவெளி கேட்கிறது இந்தியத் தர விதி. ஏரி ஓரத்துக் கிணற்றுக்கு அதையும் விடக் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

இன்னொன்று, யாரும் சொல்ல மாட்டார்கள். நிலத்தடி நீர் மேலே நிற்கும்போது காலித் தொட்டி படகு மாதிரி மிதக்கப் பார்க்கும். மழைக்காலத்தில் லாரியைக் கூப்பிட்டு செப்டிக் டேங்கை முழுசாக உறிஞ்சி எடுத்தால் தொட்டி மேலே எழும்பி குழாயெல்லாம் பிய்ந்துகொள்ளும். சம்ப்புக்கும் இதே கதிதான். அடித்தளத்தைத் தடிமனாக, சுவரைத் தாண்டி வெளியே நீட்டிப் போட்டு, அந்த நீட்டலின் மேல் மண் ஏற்றி அமுக்குங்கள். சுத்தம் செய்வதை ஏப்ரலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். லாரி வந்து நிற்கவும் வழி விட்டு வையுங்கள்.

மீதி வேலைகள்

ஆயிரம் சதுர அடிக் கூரையில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 9 ஆயிரம் லிட்டருக்கு மேல் ஒரே நாளில் இறங்கும். அதைக் குழாயில் நேராக ஏரிக்கு விட்டால் போகிற வழியெல்லாம் மண்ணை அரித்துக்கொண்டு போகும். தொட்டியில் பிடித்தது போக மீதியைப் புல் பாத்தி வழியாக மெதுவாக நடக்க விடுங்கள். சரிவு அரித்தால் வெட்டிவேர் நடுங்கள், அதன் வேர் பத்து அடி ஆழம் இறங்கும். கருங்கல் சுவர் வேண்டாம். தண்ணீர் ஓரத்துக் கோரை, நாணல், சம்பு எதையும் 'சுத்தம்' செய்யாதீர்கள். தவளையும் நாமக்கோழியும் அதற்குள்தான் இருக்கின்றன. மரம் வைக்க ஆசையா? நீர்மருது, புன்னை, நாவல், புங்கன், நீர்க்கடம்பு. லான் வேண்டாம், யூரியா நேராகத் தண்ணீருக்குப் போகும்.

வேலிக்குக் கிளுவை போதும், ஓணானும் ஆமையும் மழைநீரும் தாராளமாகப் போய் வரும். விளக்கு கீழே பார்த்து, மஞ்சள் வெளிச்சமாக, பத்து மணிக்கு மேல் அணைந்து இருக்கட்டும். கூடு கட்டும் பறவைகள் மிரளும் என்று வேடந்தாங்கலில் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டியிலும் அப்படித்தான். ஊரே அவ்வளவு செய்யும்போது நாம் மொட்டைமாடி ஃபோகஸ் விளக்கை விட்டுக்கொடுக்கலாம்.

கட்டும்போது: மண்வேலையை ஜனவரியில் தொடங்கி செப்டம்பருக்குள் முடியுங்கள். மேல்மண்ணைத் தனியாகக் குவித்து மூடி வையுங்கள். கலவை மெஷின் கழுவிய தண்ணீர் ஏரிக்குப் போகக் கூடாது, சாலைப் பக்கம் ஒரு குழி வெட்டி அதில் விடச் சொல்லுங்கள். மேஸ்திரியிடம் வாயால் மட்டும் சொன்னால் நடக்காது, ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், ஏரிப் பக்கம் முழுக்க பச்சை வலை கட்டி 'இதைத் தாண்டினால் கூலி பிடிக்கப்படும்' என்று சொல்லிவிடுங்கள்.

குடியேறிய முதல் மழைக்காலத்தில் பெயின்ட் கோடு போட்ட அந்தக் கல்லை வாரம் ஒரு தடவை போய்ப் பாருங்கள், தண்ணீர் நின்ற இடத்தில் தேதி எழுதி ஒரு குச்சி நடுங்கள். தொட்டி மூடியையும் திறந்து உள்ளே மட்டம் எங்கே நிற்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நான் இன்னும் அந்த வீட்டுக்காரம்மாவுக்கு நவம்பர் வந்தால் போன் செய்து கேட்கிறேன். போன வருஷம் "எல்லாம் கீழதான் தம்பி போகுது" என்றார்.